செகண்ட் ஹேண்ட் கார்டா, பில்லோடு புதுக் கார்டா? நெல்லையில் கேமிங் கணினி சேர்க்கும்போது

அக்கா மகனுக்காகப் பாளையங்கோட்டையில் ஒரு கேமிங் கணினி சேர்த்தோம். மானிட்டர் நீங்கலாக ஐம்பத்தைந்தாயிரத்துக்குள் முடிய வேண்டும். ரேம், எஸ்எஸ்டி, கேபினட் பற்றியெல்லாம் பெரிய பேச்சே எழவில்லை. இழுபறி முழுவதும், விளையாட்டின் படத்தைத் திரைக்கு வரைந்து தரும் கிராபிக்ஸ் கார்டில்தான். செகண்ட் ஹேண்டில் வரும் என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கார்டு போதும், மிச்சப் பணத்தில் நல்ல மானிட்டராக வாங்கலாம் என்பது அவன் எண்ணம். நான் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600 கார்டைப் புதிதாக வாங்கும் பக்கம் நின்றேன். கடைசியில் 6600தான் வாங்கினோம். வேகம் அதற்கு இரண்டாவது காரணம். முதல் காரணம் வாரண்டி, அதுவும் திருநெல்வேலியில் இருந்துகொண்டே கேட்டு வாங்கக்கூடிய வாரண்டி.

வேகத்தை முதலில் பேசி முடித்துவிடலாம். 1660 சூப்பர் 2019 அக்டோபரில் வந்தது. 6 ஜிபி நினைவகம், 125 வாட். 6600 வந்தது 2021 அக்டோபரில்; 8 ஜிபி, 132 வாட். கரண்ட் செலவு ஏறக்குறைய ஒன்றுதான், ஓட்டத்தில் 6600 நன்றாகவே முந்தும். வேலரண்ட், ஜிடிஏ 5 மட்டும் விளையாடுகிறவருக்கு 1660 சூப்பரே தாராளம். ஆனால் அதில் ரே டிரேசிங்குக்கான (ஒளி விழுவதை நிஜம்போலக் கணக்கிடும் முறை) வன்பொருள் கிடையாது. 2024 டிசம்பரில் வந்த இந்தியானா ஜோன்ஸ் விளையாட்டும், 2025 மே மாதம் வந்த டூம்: தி டார்க் ஏஜஸும் அந்த வன்பொருளைக் கட்டாயமாகக் கேட்கின்றன. இரண்டின் குறைந்தபட்சத் தேவைப் பட்டியலிலும் 6600 இருக்கிறது. இனி வரும் பெரிய விளையாட்டுகளும் இந்த வழியில்தான் போகும் என்று நினைக்கிறேன்.

இனி பழைய கார்டுக்கு வருவோம். 1660 சூப்பர் செகண்ட் ஹேண்டில் இத்தனை கிடைப்பதற்கு மைனிங், அதாவது கார்டுகளை ஓட்டி மின்னணு நாணயம் ஈட்டும் வேலை, ஒரு முக்கியக் காரணம். 2022 செப்டம்பர் 15 அன்று எதீரியம் என்ற மின்னணு நாணயம் அந்த முறையையே கைவிட்டது. அதுவரை இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்த கார்டுகளுக்கு ஒரே நாளில் வேலை போனது. அவையெல்லாம் துடைக்கப்பட்டு விற்பனைக்கு வந்தன. மைனிங்கில் ஓடியது என்பதாலேயே ஒரு கார்டு பாழ் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரே சீரான சூட்டில் ஓடிய சிப், பல வருடம் தாங்கவும் செய்யும். தேய்வது விசிறி, காய்ந்துபோவது சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்டும் பேடும், சூட்டில் அடி வாங்குவது நினைவகச் சிப்புகள். அக்னி நட்சத்திரத்தில் மாடி அறையில் வைத்து ஓட்டும்போதுதான் இவை ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். வாங்கும்போது பத்து நிமிடம் ஓட்டிக் காட்டுவதில் ஒன்றும் தெரியாது.

ஏஎம்டியின் பழைய கார்டான ஆர்எக்ஸ் 580 பற்றியும் ஒரு வார்த்தை. மலிவாகப் புதுப் பெட்டியில் வரும் 580-களில் நிறைய 2048எஸ்பி என்ற வகை. அசல் 580-இல் 2304 கோர்கள் (கணக்குப் போடும் சிறு அலகுகள்) உண்டு, இதில் 2048தான். இது பெயரளவில்தான் 580, உள்ளே 570-க்குச் சமம். அசல் 580 என்றாலும் 185 வாட் இழுக்கும். அதன் டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) ஆதரவையும் 2023-இலேயே ஏஎம்டி சுருக்கிவிட்டது. அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

சரி, வாரண்டி. “மாமா, இப்ப ஓடுதுல்லா? பெறவு என்ன?” என்று மருமகன் கேட்டான். ஓடாமல் போகும் அன்று என்ன ஆகும் என்று அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கார்டு கெட்டால் திரையில் கோடுகள் வரும், அல்லது படமே வராது. பழுது பார்ப்பது வயரை மாற்றி ஒட்டும் வேலை அன்று. நினைவகச் சிப்பை எடுத்துவிட்டு வேறு வைக்க வேண்டும் என்றால் சூடேற்றும் கருவியும், தேர்ந்த கையும், சரியான உதிரிச் சிப்பும் வேண்டும். லேப்டாப் மதர்போர்டு பார்க்கிறவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். கிராபிக்ஸ் கார்டை நம்பிக்கையோடு கையில் வாங்குகிறவர்கள் குறைவு. பேட்டையில் ஒரு நண்பர் இப்படித்தான் பில் இல்லாத கார்டு ஒன்றை வாங்கினார். சில மாதத்தில் கோடுகள் வந்தன. விற்றவர் போனை எடுக்கவில்லை. நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னைக்குப் போய், ரிச்சி தெருவில் காட்டினார். சொன்ன கூலியும் பயணச் செலவும் சேர்ந்து கார்டு வாங்கிய விலையில் பாதியைத் தொட்டுவிட்டன. சரிசெய்தாலும் எத்தனை நாள் ஓடும் என்று சொல்ல முடியாது என்றார்கள். கார்டை அப்படியே திரும்பக் கொண்டுவந்துவிட்டார்.

பில்லோடு வாங்கிய கார்டுக்குப் பெரும்பாலும் 3 வருட வாரண்டி இருக்கும். கம்பெனிகளின் சேவை மையங்கள் பெருநகரங்களில்தான் என்றாலும், ஜங்ஷன், வண்ணார்பேட்டை பக்கம் உள்ள கடையில் வாங்கியிருந்தால் கடைக்காரரே பார்சல் போட்டுவிடுவார். என் வீட்டில் முன்பிருந்த ஒரு கார்டின் விசிறி கரகரக்க ஆரம்பித்தபோது அப்படித்தான் நடந்தது. சத்தத்தை வீடியோ எடுத்துக்கொண்டு, கார்டோடு கடைக்குப் போனேன். “அண்ணாச்சி, பில்லும் டப்பாவும் இருக்கா?” என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. இரண்டும் இருந்தன. திரும்பி வரச் சில வாரம் ஆனது, கையை விட்டுப் போன பணம் எதுவும் இல்லை. ஆன்லைனில் இரண்டாயிரம் குறைகிறது என்று பார்த்தாலும், அதே பொருளை உள்ளூர்க் கடையில் பேரம் பேசிப் பார்ப்பது நல்லது. பார்சல் செலவும் அலைச்சலும் அவர் தலையில் போகும்.

வாரண்டியில் எழுதியிருப்பதைப் படித்துப் பார்க்கவும் வேண்டும். கருகிய பாகம், உடைந்த பாகம், துரு, கிழிந்த சீரியல் நம்பர் ஸ்டிக்கர் இருந்தால் பொதுவாக ஏற்க மாட்டார்கள். உவரி, இடிந்தகரை மாதிரிக் கடலோர ஊர்க்காரர்கள் துருவை நினைவில் வைக்க வேண்டும். உப்புக் காற்று வரும் ஜன்னலோரம் கணினியை வைக்காதீர்கள். ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் ஆடிக் காற்றில் செம்மண் தூசி கேபினட்டுக்குள் மெத்தை மாதிரி படியும். அதற்காகக் கார்டின் திருகைக் கழற்றாதீர்கள். திருகின் மேல் ஒட்டிய ஸ்டிக்கர் கிழிந்திருந்தால் திறந்துவிட்டீர்கள் என்று சில கம்பெனிகள் கைவிரிக்கும். கணினியை அணைத்து, விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு, புளோயரால் ஊதினாலே போதும்.

விற்கும்போதும் இதே பில்தான் விலை பேசும். இரண்டு வருடம் கழித்து மருமகன் கார்டை மாற்ற நினைத்தால், இன்னும் ஒரு வருட வாரண்டி இருக்கிறது என்று சொல்லி விற்கலாம். சில கம்பெனிகள் சீரியல் நம்பரை மட்டும் பார்க்கும், சில பில்லையும் கேட்கும். எனவே இரண்டையும் கொடுத்தால்தான் வாங்குகிறவருக்கு நிம்மதி. இன்று வாரண்டி முடிந்த நிலையில் வாங்கும் 1660 சூப்பரை அப்போது யார் கேட்பார்கள்? எங்களுக்குச் சொன்ன விலையில் இரண்டு கார்டுக்கும் சுமார் பத்தாயிரம் வித்தியாசம். அதில் கணிசமான பங்கு விற்கும்போது திரும்பிவிடும் என்பது என் கணக்கு.

எங்கள் பக்கம் இன்னொரு வழியும் பேச்சில் வரும். துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் சொந்தக்காரர் ஊருக்கு வரும்போது ஒரு கார்டு கொண்டுவரச் சொல்வது. விலை குறையலாம். ஆனால் பல கம்பெனிகளின் வாரண்டி வாங்கிய நாட்டோடு நின்றுவிடும். கெட்டால் அதே ஆள் அடுத்த லீவில் திரும்பப் போகும்வரை காத்திருக்க வேண்டும். விருந்தாளியாக வந்தவருக்கு இந்தச் சுமையை வைப்பதும் நன்றாக இல்லை.

இந்த வாரண்டி யோசனை புராசஸரையும் மாற்றிவிட்டது. முதலில் ஏஎம்டியின் ரைசன் 5 5600 என்று வைத்திருந்தோம்: 6 கோர், 12 திரெட், 65 வாட், அருமையான சரக்கு. இன்டெலின் ஐ5-12400எஃப் அதற்குச் சமமான போட்டி. ஆனால் இரண்டிலும் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லை. கார்டு சர்வீசுக்குப் போன சில வாரமும் திரை கருப்பாகவே கிடக்கும். கல்லூரியில் படிக்கிற பையன், புராஜெக்ட் எல்லாம் இதே கணினியில்தான். அதனால் எஃப் இல்லாத ஐ5-12400 வாங்கினோம். அதில் யுஎச்டி 730 கிராபிக்ஸ் உண்டு; விளையாட்டுக்கு ஆகாது, வேலை நிற்காது. ரைசன் 5600ஜி-யிலும் உள்ளமைந்த கிராபிக்ஸ் இருக்கிறதே என்றால், அதில் எல்3 கேஷ் (புராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) 5600-இல் பாதி, 16 எம்பிதான், கார்டு மதர்போர்டோடு பேசும் பிசிஐஇ என்ற இணைப்பும் பழைய 3.0-ஓடு நின்றுவிடுகிறது. எஃப் இல்லாததற்குச் சில ஆயிரம் கூடுதல் ஆனது. பெரிய நகரத்தில், சேவை மையம் பக்கத்திலேயே இருக்கிறவருக்கு இந்தச் செலவு தேவைப்படாமல் இருக்கலாம். வீட்டில் பழைய கார்டு ஏதாவது கிடந்தால் நீங்களும் எஃப் வகையோ 5600-ஓ எடுத்துக்கொள்ளலாம்.

அப்புறம், எல்லாமே புதுசாக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. புராசஸர் சாதாரணப் பயன்பாட்டில் கெட்டுப்போவது அபூர்வம். முள் வளையாத பழைய புராசஸரைத் தைரியமாக வாங்கலாம். கேபினட்டும் அப்படியே. 2025-இன் கடைசி மாதங்களில் ரேம் விலை கடுமையாக ஏறியது; ஏஐ சர்வர்களுக்கான நினைவகத் தேவைதான் காரணம். புதிய வகை ரேமான டிடிஆர்5 கேட்கும் ஏஎம்டியின் ஏஎம்5 மதர்போர்டுகள் பக்கம் நாங்கள் போகாததற்கும் அதுதான் காரணம். எச்610 மதர்போர்டில் முந்தைய வகை ரேமான டிடிஆர்4, எட்டு எட்டாக 16 ஜிபி போட்டோம். தெரிந்தவரிடம் பழைய டிடிஆர்4 கிடைத்தால் ஒரு ராத்திரி மெம்டெஸ்ட் (ரேமைச் சோதிக்கும் மென்பொருள்) ஓட்டிவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் பிரித்துத் தரும் பெட்டி) மட்டும் பழையது வேண்டவே வேண்டாம். 6600-க்கு 450 வாட் போதும் என்கிறது ஏஎம்டி. நாங்கள் 550 வாட், மின்சாரம் அதிகம் வீணாகாத வெண்கலத் தரம் (Bronze) போட்டோம். கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில் யுபிஎஸ்ஸும் வேண்டும். 600 விஏ என்பது பெரும்பாலும் 360 வாட்தான், இந்தக் கணினிக்கும் ஒரு மானிட்டருக்கும் அது தாங்கும்.

இன்டெல் ஆர்க் கார்டுகளை நான் ஓட்டிப் பார்த்ததில்லை. ரீசைசபிள் பார் (கார்டின் முழு நினைவகத்தையும் புராசஸர் ஒரே மூச்சில் எட்டும் வசதி) இல்லாவிட்டால் அவற்றின் வேகம் நன்றாகவே குறையும் என்பதால் பழைய மதர்போர்டுக்காரர்கள் யோசித்துச் செய்யுங்கள்.

6600-க்கே பணம் எட்டவில்லை என்றால்? அப்போதும் 1660 சூப்பருக்குப் போகாமல், கார்டு இல்லாமலேயே 5600ஜி-யோடு தொடங்குவேன். இரண்டு ரேம் போட்டால் வேலரண்ட் நன்றாக ஓடும். பணம் சேர்ந்ததும் 6600-ஐப் பில்லோடு வாங்கிப் போடலாம். அது பிசிஐஇ இணைப்பின் எட்டுப் பாதைகளில் ஓடும் கார்டு, பிசிஐஇ 3.0-இல் போட்டாலும் 1080பி-யில் இழப்பு சிறிதுதான். விலை குறைகிறதே என்று அந்த இடத்தில் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி வாங்கிவிடாதீர்கள். அதற்கு நான்கே பாதைகள், 4 ஜிபி நினைவகம், பிசிஐஇ 3.0-இல் நன்றாகவே திணறும்.