பாத்திரம் விளக்கிய கை

பல் விளக்குவது என்கிறோம், பாத்திரம் விளக்குவது என்றும் சொல்கிறோம். அச்சகத்தில் இருபது ஆண்டுகளாகப் பிழை திருத்துகிற எனக்கு, இரண்டுக்கும் ஒரே வினைச்சொல் என்பது ஒருநாளும் உறுத்தியதில்லை. அடிப்பிடித்த பால் குண்டானை எப்படித் தேய்ப்பேனோ அப்படித்தான் பல்லையும் தேய்த்து வந்தேன். போன சித்திரையில் பானைத் தண்ணீர் குடித்தபோது வாயின் இடதுபக்கம் சுரீர் என்றது.

பல் மருத்துவர் வாயைத் திறக்கச் சொன்னார். ஒரு கணம் பார்த்துவிட்டு, "வலக்கைப் பழக்கமா அம்மா?" என்றார். இடதுபக்கக் கோரைப்பல்லின் அடியில், ஈறு இறங்கிய இடத்தில், நகம் வைத்தால் சிக்குகிற அளவுக்கு ஒரு பள்ளம். வலக்கைக்காரர்களுக்கு அந்த மூலையில்தான் பெரும்பாலும் அழுத்தம் கூடுதலாக விழுமாம். பல்லின் மேலே இருக்கிற எனாமல் கெட்டியானது. ஈறு மூடியிருக்க வேண்டிய வேர்ப்பகுதி அவ்வளவு கெட்டியில்லை, தேய்க்கத் தேய்க்கக் கரையும். மறுமுறை போகும்போது என் பிரஷ்ஷையும் கொண்டுவரச் சொன்னார். வாங்கி ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் பரட்டைத் தலைபோல் நாலாபக்கமும் விரிந்து கிடந்தது.

மென்மையான நார் உள்ள பிரஷ் வாங்குங்கள், ஈறோரம் 45 பாகை சாய்த்து, பேனா பிடிப்பதுபோல் விரல்களால் பிடியுங்கள் என்றார். நாள் முழுவதும் பேனா பிடிக்கிறவளுக்கு இது ஒரு வேலையா என்று நினைத்தேன். ஆனால் காலை ஆறு மணித் தூக்கக் கலக்கத்தில் விரல்கள் தாமாகவே முஷ்டியாகிவிடுகின்றன. பத்து நாள் போராடிப் பார்த்துவிட்டு மின்சாரப் பிரஷ் ஒன்று வாங்கினேன். வட்டத் தலை வகை, 2,800 ரூபாய். அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும். பல் விளக்க ஒரு விளக்கு! அதற்காகவேதான் அந்த விலை கொடுத்தேன்.

முதல் சிக்கல் வாய்க்குள் இல்லை, சுவரில் இருந்தது. எங்கள் குளியலறையில் இருப்பது கீசருக்கான பெரிய பிளக் பாயிண்ட் மட்டும்தான். சார்ஜ் போடும் பீடத்தைக் கடைசியில் சமையல் மேடையில் மிக்சிக்குப் பக்கத்தில் வைத்தோம். மிளகாய்ப் பொடி டப்பாவுக்கும் மிக்சிக்கும் நடுவே பிரஷ் நிற்பதை என் கணவர் இன்னமும் ஏற்றுக்கொள்ளவில்லை. பீடத்தில் உலோக முனை எதுவும் கிடையாது. உள்ளே இருக்கிற கம்பிச் சுருளிலிருந்து பிரஷ்ஷுக்குள் இருக்கிற சுருளுக்கு மின்சாரம் தொடாமலே தாவுகிறது. அதனால் ஈரக்கையோடு வைத்தாலும் பயமில்லை. ஒரு முறை சார்ஜ் செய்தால் எனக்கு ஒன்பது நாள் வருகிறது.

வாய்க்குள் வைத்த பிறகே முடுக்க வேண்டும். முதல் நாள் வெளியே முடுக்கிவிட்டேன், கண்ணாடி முழுக்கப் பற்பசைப் பொட்டு. இன்னொன்றைப் பழகத்தான் நாளாயிற்று. கையை அசைக்கவே கூடாது. பல்லுக்குப் பல் தலையை வைத்து, கணநேரம் நிறுத்தி நகர்த்தினால் போதும். முப்பது விநாடிக்கு ஒருமுறை சின்னதாகத் துடித்து, அடுத்த கால் பகுதிக்குப் போகச் சொல்கிறது. இரண்டு நிமிடம் என்பது இவ்வளவு நீளமா என்று அப்போதுதான் தெரிந்தது. அதுவரை நான் முக்கால் நிமிடத்தில் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டிருந்திருப்பேன்.

முதல் வாரம் சிவப்பு எரிந்துகொண்டே இருந்தது. மூன்றாவது வாரத்தில் எப்போதாவது எரிந்தது.

குறையும் உண்டு. தலை கழலும் இடத்தில் வெள்ளையாக ஒரு கசடு சேர்கிறது. இரண்டு நாளுக்கு ஒருமுறை கழற்றிக் கழுவாவிட்டால் நாறும். தலையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், இரண்டு தலை 450 ரூபாய். ஆண்டுக்கு 900 ஆகிறது. சாதாரண பிரஷ் என்றால் நான்கு வாங்கினாலும் 180 ரூபாயைத் தாண்டாது. எங்கள் தெரு மருந்துக்கடையில் தலை கிடைப்பதில்லை, இணையத்தில்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

இந்தச் செலவுக்குப் பலன் உண்டா? மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடுகிற காக்ரேன் அமைப்பு 2014இல் 56 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. மின்சாரப் பிரஷ்ஷை மூன்று மாதத்துக்கு மேல் பயன்படுத்தியவர்களிடம், கைப் பிரஷ்ஷோடு ஒப்பிட்டால் பல்லில் ஒட்டுகிற கிருமிப் படிவான பற்படலம் 21 சதவீதமும் ஈறு அழற்சி 11 சதவீதமும் குறைந்திருந்தன. பலன் இருக்கிறது. விளம்பரத்தில் காட்டுகிற அளவுக்கு இல்லை.

நான் எதிர்பாராத பலன் என் மாமனாருக்குக் கிடைத்தது. அவருக்கு 79 வயது, கை நடுக்கம். பல்பொடியும் ஆள்காட்டி விரலுமாகவே காலத்தைத் தள்ளியவர், பிரஷ்ஷின் மெல்லிய பிடி அவர் கையில் நிற்காது. இதன் தடித்த பிடி நின்றது. "என்னம்மா, வாய்க்குள் கரும்புச் சாறு பிழிகிற மாதிரி இருக்கிறது" என்றார். ஒரு வாரம் கழித்து, அவருக்கும் தனித் தலை வாங்கச் சொன்னார். 1954இல் சுவிட்சர்லாந்தில் வூக் என்பவர் பிராக்சோடென்ட் என்ற முதல் மின்சாரப் பிரஷ்ஷை உருவாக்கியபோது, கையைச் சரிவர அசைக்க முடியாத நோயாளிகளைத்தான் மனத்தில் வைத்திருந்தார். நேராகச் சுவர் மின்சாரத்தில் ஓடிய கருவி அது. அதை வாயில் வைக்க எனக்குத் துணிவு வந்திருக்காது.

கை நடுங்குகிறவர்கள், தோள்பட்டை இறுகியவர்கள், என்னைப்போல் முரட்டுக் கைக்காரர்கள் தயங்காமல் வாங்கலாம். அழுத்தத்துக்கு விளக்கு எரிகிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். செயலியோடு இணைகிற விலை உயர்ந்த வகைகளைப் பற்றி எனக்கு ஆர்வமில்லை, பல் விளக்கும்போதும் கைப்பேசியைப் பார்க்க வேண்டுமா? பேனாப் பிடி இயல்பாக வருகிறவர்களுக்கு 45 ரூபாய் பிரஷ் போதும்.

எனக்கும் இப்போது அதுவே போதுமாக இருக்கிறது. எட்டு மாதத்தில் விரல்கள் பாடம் படித்துவிட்டன. நீல வளையத் தலையோடு கருவி முழுக்க மாமாவுடையதாகிவிட்டது. என் பச்சை வளையத் தலை அலமாரியில் இருக்கிறது. மாதம் ஒருமுறை அதை மாட்டிப் பார்க்கிறேன், கை பழைய புத்திக்குத் திரும்பிவிட்டதா என்று. போன ஞாயிற்றுக்கிழமை அதே கோரைப்பல்லுக்குப் பக்கத்தில் ஒரு முறை சிவப்பு எரிந்தது.