ஈறு சிகிச்சையில் ஏஐ எக்ஸ்ரே மென்பொருள்: ஒரு சிறப்பு மருத்துவரின் மதிப்பீடு

எங்கள் கிளினிக்கில் சில மாதங்களாகச் சோதனைச் சந்தாவில் இயங்கிவரும், பல் எக்ஸ்ரே படங்களைப் படித்துச் சொல்லும் ஒரு செயற்கை நுண்ணறிவு மென்பொருளைப் பற்றிய மதிப்புரை இது. ஆர்விஜி எனப்படும் டிஜிட்டல் எக்ஸ்ரே சென்சாரில் எடுத்த படம் கணினித் திரைக்கு வந்த சில நொடிகளுக்குள் சொத்தை, காரை, வேர்முனைச் சீழ், எலும்புத் தேய்வு ஆகியவற்றைத் தனித்தனி வண்ணங்களில் அது குறித்துக் காட்டிவிடுகிறது. நான் ஈறு நோய்ச் சிறப்பு மருத்துவர் என்பதால் எலும்புத் தேய்வை அளக்கும் பகுதியை மட்டுமே இங்கே எடுத்துக்கொள்கிறேன். மென்பொருளின் பெயரைச் சொல்லவில்லை. இதன் நிறை குறைகளில் பெரும்பாலானவை நான் பார்த்த இதே வகை மென்பொருள்கள் மற்றவற்றிலும் இருக்கின்றன.

இத்தகைய கருவிகள் சோதனைக்கூடத்தைத் தாண்டி வந்து சில ஆண்டுகளே ஆகின்றன. கொரிய ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், அவர்கள் பயிற்றுவித்த நிரல் ஈறு நோயால் பாதிக்கப்பட்ட பற்களை இனங்காண்பதில் முன்கடைவாய்ப் பற்களில் 81 சதவீதமும் கடைவாய்ப் பற்களில் 76.7 சதவீதமும் துல்லியம் காட்டியது. பல வேர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழும் கடைவாயில் துல்லியம் குறைந்தது எங்களில் யாருக்கும் வியப்பளிக்கவில்லை. அமெரிக்காவில் எலும்பு மட்டத்தை அளக்கும் ஓவர்ஜெட் நிறுவனத்தின் மென்பொருளுக்கு 2021இலும், பேர்ல் நிறுவனத்தின் மென்பொருளுக்கு 2022இலும் அந்நாட்டு உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அனுமதி வழங்கியது. இரண்டுமே மருத்துவருக்குத் துணையாக இருக்க வேண்டியவை என்றுதான் அனுமதி பெற்றனவே தவிர, தாமாக நோயைத் தீர்மானிப்பதற்கு அல்ல.

மென்பொருள் செய்வது இதுதான். பல்லின் மேற்பகுதியும் வேரும் சேரும் எல்லையில் ஒரு புள்ளி, எலும்பின் விளிம்பில் ஒரு புள்ளி, வேரின் நுனியில் ஒரு புள்ளி என வைத்து, வேரின் நீளத்தில் எத்தனை சதவீதம் எலும்பை இழந்திருக்கிறது என்று கணக்கிடுகிறது. 2017ஆம் ஆண்டு உலகக் கருத்தரங்கில் உருவாகி 2018இல் வெளியான புதிய ஈறு நோய் வகைப்பாட்டின்படி நோயின் நிலையைச் சொல்ல இந்தச் சதவீதம் தேவைப்படுகிறது: 15 சதவீதத்துக்குக் கீழே என்றால் முதல் நிலை, 15 முதல் 33 வரை இரண்டாம் நிலை, அதற்கு மேல் மூன்றாவதும் நான்காவதும். நோய் எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்பதற்கு, சதவீதத்தை நோயாளியின் வயதால் வகுக்க வேண்டும். 40 சதவீதம் எலும்பு இழந்தவர் அறுபது வயதுக்காரர் என்றால் விடை 0.67, அதாவது மிதமான வேகம். அதே இழப்பு முப்பத்திரண்டு வயதில் என்றால் 1.25, அதாவது வேகமாகப் பரவும் வகை. நெரிசலான மாலை நேரத்தில் பல மருத்துவர்கள் தோராயமாகக் கண்ணால் மதிப்பிட்டு விட்டுவிடும் இந்தக் கணக்கை மென்பொருள் ஒவ்வொரு முறையும் சலிக்காமல் செய்கிறது. ஒரே படத்தை இரண்டு மருத்துவர்களிடம் கொடுத்தால் இரண்டு விடை வருவது எங்கள் தொழிலில் வழக்கம். இது ஒரே படத்துக்கு என்றும் ஒரே விடையைத் தருகிறது. இந்த ஒன்றுக்காகவே நல்ல மதிப்பெண் கொடுப்பேன்.

நோயாளிக்கு விளக்குவதற்கும் இது பெரிதும் உதவுகிறது. பல்லைச் சுத்தம் செய்தால் எனாமல் தேய்ந்துவிடும், பல் ஆட ஆரம்பித்துவிடும் என்ற நம்பிக்கை நம் ஊரில் இன்னும் உறுதியாக நிற்கிறது. எலும்பு எங்கே இருக்க வேண்டும், இப்போது எங்கே இருக்கிறது என்று இரண்டு கோடுகளைத் திரையில் காட்டும்போது, பல் ஆடுவதற்குக் காரணம் சுத்தம் செய்ததல்ல, நெடுநாள் செய்யாமல் விட்டதே என்பதைத் தனியாக விளக்க வேண்டியிருப்பதில்லை. மறுபரிசோதனைக்கு வந்த ஓர் அம்மா உட்காருவதற்கு முன்பே, "அந்தச் செவப்புக் கோடு இன்னும் அங்கேயேதான் இருக்கா டாக்டர்?" என்று கேட்டார். நல்ல கேள்வி, சிக்கலும் அதில்தான் இருக்கிறது. அவருடைய ஈறில் இரத்தக் கசிவு நின்றிருந்தது, வீக்கம் வடிந்திருந்தது, பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் நோயால் உண்டாகும் பையின் ஆழம் குறைந்திருந்தது. ஆனால் இழந்த எலும்பு பெரும்பாலும் திரும்பி வராது என்பதால் கோடு அங்கேயேதான் இருந்தது. குணமானதை மென்பொருளால் காட்ட முடியவில்லை.

ஈறு நோய் நிபுணர்கள் இக்கருவியை முழு மனதோடு ஏற்கத் தயங்குவதன் அடிப்படை இதுதான். எக்ஸ்ரே காட்டுவது நேற்றுவரை நடந்த சேதத்தை. நோய் இன்று உயிரோடிருக்கிறதா என்பதைச் சொல்வது ப்ரோப். மில்லிமீட்டர் குறிகள் இட்ட அந்த மெல்லிய கருவியை ஏறத்தாழ 25 கிராம் அழுத்தத்தில், ஒரு பல்லுக்கு ஆறு இடங்கள் வீதம், பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் இறக்கிப் பார்க்கும்போது ஆழம் தெரிகிறது, இரத்தம் கசிகிறதா என்று தெரிகிறது, வேரின் மேல் ஒட்டியிருக்கும் காரையின் சொரசொரப்பு விரல் நுனிக்கு எட்டுகிறது. இவற்றில் எதுவுமே படத்தில் கிடையாது. கன்னத்தின் பக்கம் எலும்பு கரைந்து ப்ரோப் ஏழு மில்லிமீட்டர் வரை இறங்கிய ஒரு கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு மென்பொருள் பச்சை நிறம் கொடுத்தது. முன்னாலும் பின்னாலும் இருக்கும் எலும்பின் நிழல் அந்தக் குழியை மறைத்துவிட்டது. இன்னொருவருக்கு நிலைமை தலைகீழ். இரத்த அழுத்தத்துக்கு நெடுங்காலமாக அம்லோடிபின் மாத்திரை எடுத்துக்கொள்பவர்; ஈறு பருத்துப் பல்லைப் பாதி மூடியிருந்தது, ஆனால் எலும்பு அப்படியே இருந்தது. மென்பொருளின் கணக்கில் அவருக்கு ஒன்றுமில்லை. அவருக்கோ பல் துலக்கும்போதெல்லாம் இரத்தம்.

படம் சற்றுச் சாய்ந்து எடுக்கப்பட்டிருந்தால் சதவீதம் மாறுகிறது, பல்லுக்கு உறை போட்டிருந்தால் உறையின் விளிம்பையே வேரின் தொடக்கமாக எடுத்துக்கொள்கிறது. மேல் கடைவாயில் வேர்கள் பிரியும் இடத்தில் எலும்பு போயிருக்கிறதா என்பதில் அதன் கணிப்பை நான் பொருட்படுத்துவதே இல்லை, அதற்கு வளைந்த நேபர்ஸ் ப்ரோப்தான் சரி. நோயாளிக்குச் சர்க்கரை நோய் இருக்கிறதா, இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (எச்பிஏ1சி) 7 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கிறதா, நாளைக்குப் பத்து சிகரெட்டோ அதற்கு மேலோ புகைக்கிறாரா என்பவை நோயின் வேகத்தை ஒரேயடியாக உயர்த்திக் காட்டும் விவரங்கள். அவற்றை மருத்துவர் கேட்டுப் பதிவு செய்தால்தான் உண்டு.

சக நிபுணர்களிடம் பேசும்போது, "ஏஐ வந்தால் நமக்கு வேலை போய்விடும்" என்று அஞ்சுபவரை நான் அதிகம் காணவில்லை. சதை வெட்டி, தையல் போட்டு, வேரைச் சுரண்டும் வேலையை எந்த மென்பொருளும் செய்யப்போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். மேலும், மூத்தவர்கள் இதைப்போன்ற ஒன்றை முன்பே பார்த்தவர்கள். ஒரே சீரான அழுத்தத்தில் அளந்து கணினியில் பதியும் ஃப்ளோரிடா ப்ரோப் 1980களின் பிற்பகுதியிலேயே வந்துவிட்டது. அது நன்றாகவே வேலை செய்தது, ஆனாலும் பெரும்பாலான கிளினிக்குகளில் இன்றும் சாதாரணக் கைப் ப்ரோப்தான் இருக்கிறது. அவர்களுடைய தயக்கம் வேறு இடத்தில் இருக்கிறது. மென்பொருள் தவறவிட்டதை மருத்துவரும் தவறவிட்டால் பொறுப்பு யாருடையது? மென்பொருள் குறித்ததை மருத்துவர் வேண்டாமென்று ஒதுக்கி, ஆறு மாதம் கழித்து அந்தப் பல் விழுந்தால்? முதுநிலை மாணவர்களுக்குக் கற்பிப்பவர்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு: வண்ணக் கோட்டைப் பார்த்துப் பழகியவர் வெறும் படத்தைப் பார்க்கும் கண்ணை எப்போது பெறுவார் என்பது. இளையவர்கள் இதை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. எனக்கு இந்த விஷயத்தில் மூத்தவர்கள் பக்கமே நியாயம் தெரிகிறது.

எனக்கு உறுத்துவது விற்பனை செய்யும் விதம். விளக்கம் காட்ட வந்த பிரதிநிதி நோயைப் பற்றிப் பேசிய நேரத்தைவிட, எத்தனை பேர் கூடுதலாகச் சிகிச்சைக்குச் சம்மதிப்பார்கள் என்று பேசிய நேரமே அதிகம். திரையின் ஓரத்தில் "பரிந்துரைக்கப்படும் சிகிச்சை" என்று ஒரு பெட்டி வேறு தோன்றுகிறது. முதல் நிலையில் இருப்பவருக்கு வழக்கமான சுத்தமும் துலக்கும் முறையில் திருத்தமும் போதும் என்ற இடத்தில், சிவப்பு நிறத்தைக் காட்டி ஆழமான வேர்ச் சுத்தத்துக்கோ அறுவைக்கோ பணம் கட்டவைப்பது எளிது. ஓர் இயந்திரமே சொன்னதாகத் தோன்றும்போது நோயாளி மறுத்துப் பேசுவதில்லை.

இதே தொகுப்பில் குரல்வழிப் பதிவு வசதி ஒன்றும் இருக்கிறது. விளம்பரத்தில் ஒரு மூலையில் இருக்கும் அதுதான் என் அனுபவத்தில் அதிகம் பயன்படுகிறது. இருபத்தெட்டுப் பற்கள் என்றால் 168 அளவுகள்; கையுறை போட்ட கையோடு நான் சொல்லச் சொல்ல எழுத ஓர் உதவியாளர் எப்போதும் கூட இருக்க வேண்டியிருந்தது. இப்போது எண்களை ஆங்கிலத்தில் நிறுத்திச் சொன்னால் தானே பதிந்துகொள்கிறது. உறிஞ்சு குழாயின் இரைச்சலில் சில எண்கள் மாறிவிடுகின்றன, தமிழில் சொன்னால் விளங்கவில்லை. அப்படியிருந்தும், அளவெடுப்பதையே தள்ளிப்போடும் கிளினிக்குகளை அளவெடுக்க வைக்கக்கூடிய வசதி இது.

வாங்க நினைப்பவர்கள் முதலில் தங்களிடம் உள்ள பழைய படங்களில், ப்ரோப் அளவுகள் ஏற்கெனவே பதிவாகியுள்ளவற்றை எடுத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். நிறுவனம் கொண்டுவரும் மாதிரிப் படங்கள் எல்லாமே அழகாகத்தான் இருக்கும். படங்கள் எந்த நாட்டின் சர்வருக்குப் போகின்றன, நோயாளியின் பெயர் நீக்கப்படுகிறதா, சந்தா முடிந்தபின் அவை அழிக்கப்படுகின்றனவா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் இந்தப் பொறுப்பை நாம் தட்டிக்கழிக்க முடியாது. நாளொன்றுக்கு ஓரிரு படங்களே எடுக்கும் சிறிய கிளினிக்குக்கு மாதச் சந்தா கட்டுப்படியாகாது. படத்துக்கு இவ்வளவு என்ற கட்டண முறை கிடைக்கிறதா என்று கேட்கலாம். நான் சந்தாவைத் தொடர முடிவு செய்திருக்கிறேன், ஆனால் சிகிச்சைப் பரிந்துரைப் பெட்டியை அமைப்புகளில் போய் அணைத்துவிட்டு, ப்ரோப் அளவுகள் பதிவான பிறகே வண்ணக் கோடுகள் திரையில் தோன்றும்படி மாற்றி வைத்திருக்கிறேன்.