பிரிண்டர் பிரச்சினைக்கு ஃபயர்வாலை அணைத்துவிட்டுப் போனார்: கணினி சர்வீஸில் நான் ஏமாந்தது

தக்கலையில் தாலுகா அலுவலகம் போகும் வழியில் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர். பிரிண்டர் என் கம்ப்யூட்டரோடு இணைந்திருக்கிறது. மற்றதிலிருந்து ஷேரிங் வழியாகப் பிரிண்ட் எடுப்போம். ஐப்பசி இடியில் ரவுட்டரில் கேபிள் செருகும் லேன் போர்ட்டுகள் எரிந்து, வைஃபை மட்டும் தப்பியது.

நாகர்கோவிலிலிருந்து வந்த சர்வீஸ்காரர் ஒரு சின்ன நெட்வொர்க் ஸ்விட்ச் (கம்ப்யூட்டர் கேபிள்களை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டி) வைத்து இரண்டையும் கேபிளால் இணைத்தார். அன்று வேலை செய்தது. மறுநாள் காலை கம்ப்யூட்டரைப் போட்டதும் பிரிண்டர் ஆஃப்லைன். திரும்ப வந்து, நெட்வொர்க் பப்ளிக் (பொது இடம், ஷேரிங் மூடியிருக்கும்) என்று மாறிவிட்டது, பிரைவேட் (நம்பகமான இடம்) ஆக்கிவிட்டேன் என்று 500 ரூபாய் வாங்கிப் போனார். அடுத்த காலையும் அதே கதை.

"அக்கா, கம்ப்யூட்டர் உள்ளே இருக்கிற லேன் போர்ட் இடியில் போய்விட்டது. அதுதான் மாறிக்கொண்டே இருக்கிறது" என்றார். புதிய லேன் கார்டு 1,200. அதுவும் பலிக்கவில்லை. விண்டோஸை அழித்துப் போட 800. வருடக்கணக்காகச் சேர்த்த என் தமிழ் எழுத்துருக்கள் அதோடு போயின. கடைசியாக இன்னொரு 500 வாங்கிக்கொண்டு, ஐந்தே நிமிடத்தில் ஏதோ செய்துவிட்டு, "இனிமேல் வராது அக்கா" என்றார். உண்மையிலேயே வரவில்லை. ஆறு வாரம் நிம்மதியாக இருந்தேன்.

திருவனந்தபுரத்தில் வேலை பார்க்கும் என் தங்கை மகள் விடுமுறைக்கு வந்தவள், கடையில் உட்கார்ந்து தன் ஃபோனில் எதையோ திறந்து என்னிடம் நீட்டினாள். "பெரியம்மா, இது உங்கள் ஃபோல்டர்தானே?" வாடிக்கையாளர்களின் ஆதார் நகல்கள், பட்டாக்கள், மனுக்கள் அத்தனையும் அவள் ஃபோனில் தெரிந்தன. பாஸ்வேர்டு எதுவும் கேட்கவில்லை. எனக்குக் கை நடுங்கிவிட்டது. கம்ப்யூட்டர்களும் இருக்கும் அதே வைஃபையின் பாஸ்வேர்டை, ஃபைல் அனுப்ப வருகிறவர்களுக்கெல்லாம் கொடுப்பது என் வழக்கம். அந்த சர்வீஸ்காரர், வெளியிலிருந்து கம்ப்யூட்டருக்குள் நுழைவதைத் தடுக்கும் ஃபயர்வாலை முழுவதுமாக அணைத்து, ஷேரிங்குக்கு இருந்த பாஸ்வேர்டையும் எடுத்து, ஃபோல்டரை எல்லாருக்கும் திறந்துவிட்டிருக்கிறார்.

'போய்விட்ட' பழைய போர்ட்டில் அவள் கேபிளைச் செருகினாள். பச்சை விளக்கு எரிந்தது.

கம்ப்யூட்டரில் கோளாறு எதுவும் இல்லை. ஒரு நெட்வொர்க்கை விண்டோஸ் அதன் கேட்வேயை, அதாவது ரவுட்டரை, வைத்துத்தான் அடையாளம் காண்கிறது. ஸ்விட்ச் மட்டும் உள்ள இணைப்பில், ஐபி முகவரியை (நெட்வொர்க்கில் கம்ப்யூட்டருக்கான எண்) கையால் கொடுத்து கேட்வேயைக் காலியாக விட்டால், அது 'அன்ஐடென்டிஃபைடு நெட்வொர்க்', அதாவது அடையாளம் தெரியாத நெட்வொர்க், ஆகிவிடும். கம்ப்யூட்டரை அணைத்துப் போடும்போதெல்லாம் விண்டோஸ் அதைப் புதிய இடமாக எண்ணி, பாதுகாப்புக்காக பப்ளிக் ஆக்கும், ஷேரிங் மூடிக்கொள்ளும். அந்த இணைப்பை அமைத்தவரே அவர்தான். தான் உண்டாக்கிய பிரச்சினைக்குத்தான் என்னிடம் 3,000 ரூபாய் வாங்கியிருக்கிறார்.

என்னுடையது விண்டோஸ் புரோ. லோக்கல் செக்யூரிட்டி பாலிசியைத் திறந்து, நெட்வொர்க் லிஸ்ட் மேனேஜர் பாலிசிஸில் அன்ஐடென்டிஃபைடு நெட்வொர்க்ஸ் என்பதை பிரைவேட் ஆக்கினாள். இரண்டு கம்ப்யூட்டரிலும் செய்தாள். வைஃபையை பப்ளிக்காகவே விட்டாள், அது அப்படித்தான் இருக்க வேண்டும். ஃபயர்வாலையும் பாஸ்வேர்டையும் திரும்பப் போட்டாள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஹோம் பதிப்பில் இந்த பாலிசி கிடையாது. அதில் இரண்டு கம்ப்யூட்டரையும் நல்ல ரவுட்டர் ஒன்றில் இணைப்பதுதான் நேரான வழி.

எதற்கும் பில் வாங்காதது என் தவறு. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்ல நினைத்தபோது, கையில் காட்ட ஒரு காகிதம் இல்லை. கார்டு வாங்கியதற்கும் இல்லை.

உங்கள் கடையில் யாராவது ஷேரிங்கை இப்படிச் சட்டென்று சரி செய்திருந்தால், இன்றே விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து ஃபயர்வால் மூன்று இடத்திலும் (டொமைன், பிரைவேட், பப்ளிக்) ஆன் என்று இருக்கிறதா பாருங்கள். அந்த ஆறு வாரத்தில் என்னிடம் நகல் எடுத்தவர்களில் நினைவுக்கு வந்த எல்லோருக்கும் ஃபோன் செய்து நடந்ததைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்னும் முடியவில்லை.