440 மேக்னமா, 426 ஹெமியா: 1969 டாட்ஜ் சார்ஜரில் எந்த எஞ்சினைத் தேடுவது?

1969ஆம் ஆண்டின் டாட்ஜ் சார்ஜர் காரின் திறன் மிகுந்த வகையான ஆர்/டியை வாங்க நினைப்பவருக்கு எஞ்சினில் இரண்டே வழிகள் உள்ளன. ஒன்று, அந்த வகையில் வழக்கமாகவே பொருத்தப்பட்டு வந்த 440 மேக்னம்; மற்றொன்று, அன்று கூடுதல் விலை கொடுத்தவர்கள் மட்டும் பெற்ற 426 ஹெமி (எண்கள் கன அங்குலத்தில் எஞ்சினின் கொள்ளளவு). மிச்சிகனில் ஏழு மாதங்கள் தேடி, இரண்டையும் பார்த்த பிறகு நான் 440ஐ வாங்கினேன். ஆறு கோடைகளாக அதை ஓட்டிவருகிறேன் என்பதால், என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

திறனில் ஹெமிக்குத்தான் முதலிடம்: தொழிற்சாலைக் கணக்கின்படி அதற்கு 425 குதிரைத்திறன், 440க்கு 375. ஆனால் சக்கரத்தைச் சுழற்றித் தள்ளும் முறுக்குவிசையைப் பாருங்கள். 440 எஞ்சின் நிமிடத்துக்கு 3,200 சுற்றுகளிலேயே 480 பவுண்டு-அடியைத் தந்துவிடுகிறது. ஹெமி தன் 490ஐ எட்ட 4,000 சுற்றுகள் வேண்டும். சிக்னலில் நின்று புறப்படும் அன்றாடச் சாலையில் அந்த 800 சுற்று வேறுபாடு காலடியில் தெரிகிறது. இரண்டுக்குமே உயர் ஆக்டேன் பெட்ரோல் தேவை. இரண்டுமே அதைத் தாராளமாகக் குடிக்கும்.

ஹெமி பந்தயத்துக்காகப் பிறந்த எஞ்சின். 1964இல் அமெரிக்கப் பந்தய வீரர் ரிச்சர்ட் பெட்டி டேடோனா 500 கார் பந்தயத்தை வென்றது அதைக் கொண்டுதான்; பொதுச் சாலைக்கான வடிவம் 1966இல்தான் வந்தது. அரைக்கோள எரி அறையில் பெரிய வால்வுகள் எதிரெதிரே சாய்ந்து நிற்பதால், உயர் சுற்றுகளில் அது காற்றை இழுத்து வெளியேற்றும் விதம் அலாதியானது. அந்தச் சிறப்புக்கு உரிமையாளர் தரும் விலைதான் பராமரிப்பு. என் முடிவைத் தீர்மானித்ததும் அதுவே.

1969 வரையிலான சாலை ஹெமியில், வால்வு இடைவெளியை எண்ணெய் அழுத்தத்தால் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் லிஃப்டர் கிடையாது. 1970இல்தான் அது வந்தது. ஆகவே பதினாறு வால்வுகளின் இடைவெளியையும் குறித்த காலத்தில் ஒவ்வொன்றாக அளந்து சரிசெய்ய வேண்டும். அதற்கு வால்வு மூடிகளைக் கழற்ற வேண்டும். ஸ்பார்க் பிளக்குகள் அந்த மூடிகளின் நடுவே உள்ள குழாய்களுக்குள் இருப்பதால், முதலில் வயர்களை எல்லாம் பிடுங்க வேண்டும். அகலமான சிலிண்டர் ஹெட்டும் பிரேக் பூஸ்டரும் நெருக்கியடிக்கும் இடப்பக்கத்தில் கை நுழைப்பதே பெரும்பாடு. நண்பர் ஒருவரின் ஹெமிக்கு ஒரு வசந்தகாலத்தில் நானும் உடனிருந்து இந்த வேலையைச் செய்தேன். காலையில் தொடங்கிய நாங்கள் முடித்துக் கை கழுவும்போது பொழுது சாய்ந்திருந்தது. அதன் பிறகும் இரண்டு கார்ட்டர் கார்புரேட்டர்களை ஒன்றோடொன்று இசைவாக்கும் வேலை மீதியிருந்தது. என் 440இல் ஒரே கார்புரேட்டர்தான்; ஹைட்ராலிக் லிஃப்டர் என்பதால் வால்வு இடைவெளியை நான் தொட்டதே இல்லை. ஏப்ரலில் பேட்டரியை மாட்டி, எண்ணெயை மாற்றினால் சாலைக்குத் தயார்.

உதிரிப்பாகங்களிலும் இதே கதைதான். 440 எஞ்சின் 1966 முதல் 1978 வரை கிரைஸ்லர் நியூயார்க்கரிலும், இம்பீரியலிலும், காவல்துறைக் கார்களிலும், உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டுவண்டிகளிலும்கூடப் பொருத்தப்பட்டது. ஆகவே அதன் உட்பாகங்களை அறிந்த மெக்கானிக்கையும் எளிதில் கண்டுபிடிக்கலாம். சாலை ஹெமி 1971இலேயே நின்றுவிட்டது. எண்ணிக்கையும் மிகக் குறைவு. ஹெமியோடு ஏ.சி. வசதியை அன்று தொழிற்சாலையிலேயே தரவில்லை என்பதையும் நீண்ட பயணம் போக விரும்புவோர் கவனிக்க வேண்டும்.

மறுவிற்பனையில் ஹெமியோடு 440 போட்டியிடவே முடியாது. காரை ஒரு முதலீடாகக் கருதி, ஆண்டுக்குச் சில நூறு மைல்கள் மட்டும் ஓட்டுபவருக்கு ஹெமியே சரி என்று தயங்காமல் சொல்வேன். ஹெமியை நான் ஓட்டியது இரண்டே முறைதான், அதுவும் நகரச் சாலையில். பந்தயத் தடத்தில் அதன் மேல்சுற்று வேகத்தை அனுபவித்தவர் என் கணக்கை ஏற்காமல் போகலாம். மூன்று கார்புரேட்டர் கொண்ட 440 சிக்ஸ் பேக், 390 குதிரைத்திறனுடன் 1970 சார்ஜரில் கிடைத்தது. ஒரே ஒரு மாலை மட்டும் ஓட்டியதை வைத்து அதைத் தரம் பிரிக்க எனக்குத் தகுதியில்லை.

ஹெமியைத்தான் வாங்குவது என்று முடிவெடுத்தால், விலை பேசுவதற்கு முன் டாஷ்போர்டில் உள்ள காரின் அடையாள எண்ணில் ஐந்தாம் இடத்தில் வரும் எழுத்தைப் பாருங்கள். 1969 சார்ஜரில் அது 'ஜே' என்றால் ஹெமியோடு பிறந்த கார். 'எல்' என்றால் 440ஓடு பிறந்தது, ஹெமி பின்னர் ஏறியது. எஞ்சின் பிளாக்கில் பொறித்துள்ள எண், காரின் வரிசை எண்ணோடு பொருந்துகிறதா என்பதையும் டார்ச் அடித்து நீங்களே படித்துவிடுங்கள். விற்பவர் அனுப்பும் புகைப்படத்தை மட்டும் நம்ப வேண்டாம்.