காஸ் முடிந்துவிட்டது என்றார்கள், 86,500 ரூபாய் போய்விட்டது

இதை நேற்றிரவே எழுதியிருப்பேன், ஆத்திரத்தில் கை ஓடவில்லை. கார் ஏசி திருத்த 86,500 ரூபாயைக் கொட்டிவிட்டு, அதே பழுதோடு வீட்டுக்கு வந்தவன் நான். கராச்சின் பெயரை எழுதவில்லை. யாழ் நகரத்துக்குள், ஏசி வேலை மட்டும் செய்கிற, வாசலில் பெரிய பலகை போட்ட இடம் என்பதோடு விடுகிறேன்.

பழுது இதுதான். சாவகச்சேரியில் ஏறும்போது நன்றாகக் குளிரும். கைதடி தாண்டியதும் வெறும் சூட்டுக் காற்று. அம்மாவைப் போதனா வைத்தியசாலைக் கிளினிக்கில் இறக்கிவிட்டு, அரை மணித்தியாலம் நிழலில் நிறுத்தி எடுத்தால் மறுபடியும் குளிரும். இரவில் ஒரு குறையும் இருக்காது.

கராச் முதலாளி பொனற்றைத் திறக்கும் முன்னே ஊரைக் கேட்டார். வாய் சும்மா இருக்காமல் அப்பா வாத்தியார் என்பதையும் சொன்னேன். "மாஸ்ரரின் மகனா? எனக்குக் கணக்குப் படிப்பித்தவர் அவர்தானே!" என்றார். கதிரை வந்தது, பிளேன் ரீ வந்தது. மின்விசிறியை என் பக்கம் திருப்பியும் விட்டார். அப்பா படிப்பித்தது சங்கீதம். தொடக்க காலத்தில் கணக்கும் எடுத்திருப்பாராக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த மின்விசிறிக் காற்றில் புத்தி அவ்வளவுதான் வேலை செய்தது.

"தம்பி, காஸ் முடிந்துவிட்டது, வேறொன்றுமில்லை" என்றார். 9,500 ரூபாய். அடித்தவுடன் குளிர்ந்தது. குளிராமல் என்ன செய்யும்? கார் இரண்டு மணித்தியாலம் பொனற் திறந்தபடி நிழலில் நின்றதே!

மூன்றாம் நாள் நாவற்குழிப் பாலத்தடியில் மறுபடியும் சூடு. திரும்பப் போனால், "கொம்பிரசர் போய்விட்டது தம்பி. கொழும்பு பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடைகளிலிருந்து நல்ல றீகண்டிஷன் எடுத்துத் தருகிறேன், ஆறு மாதம் உத்தரவாதம்" என்றார். 77,000 ரூபாய். எடுத்து வைத்திருந்த சீட்டுக் காசு அப்படியே போனது. மொத்தம் 86,500. அதற்குத் தந்த பற்றுச்சீட்டு, பெட்டி அட்டையைக் கிழித்துப் பென்சிலால் எழுதியது: "ஏசி வேலை 77,000". கடைப் பெயரும் இல்லை, திகதியும் இல்லை.

அடுத்த நாளே மத்தியானம் சூடு. தொலைபேசி எடுத்தேன். "வெயில் கூட, எல்லா வாகனமும் இப்படித்தான்." இரண்டாம் முறை, "கொழும்பிலிருந்து ஆள் வரவேண்டும்." மூன்றாம் முறை என் குரலைக் கேட்டதும் துண்டித்துவிட்டார்கள். நேரில் போய், என் பழைய கொம்பிரசரையாவது தாருங்கள் என்றேன். இரும்புக்காரன் கொண்டுபோய்விட்டானாம். அடுத்த ஏமாளியின் காரில் அது இப்போது பஞ்சிகாவத்தைச் சரக்காக ஓடிக்கொண்டிருக்கும்.

நேற்று சுன்னாகத்தில் வாகன மின்வேலை செய்யும் ஒரு பெரியவரிடம் போனேன். எஞ்சினை ஓடவிட்டு, ஏசியையும் போட்டுவிட்டு, குளிர் நிற்கும்வரை பேசாமல் நின்றார். நின்றதும் குனிந்து பார்த்தார். பெல்ட் ஓடுகிறது, கொம்பிரசரின் முன்தட்டு சுற்றவில்லை. அந்தத் தட்டைப் பெல்ட்டோடு பிடித்துச் சுற்றவைக்கும் மின் கிளச்சுக்குப் போகும் வயரில் சோதனை விளக்கை வைத்தார், எரியவில்லை. "மின்சாரமே வராவிட்டால் கொம்பிரசர் என்ன செய்யும், தம்பி?" என்றார். பியூஸ் பெட்டியில் இருந்த ஹோர்ன் றிலேயை, அதாவது மின்சாரத்தை விட்டு நிறுத்தும் சின்னச் சுவிட்சை, கழற்றி ஏசி றிலேயின் இடத்தில் செருகினார். என் காரில் இரண்டும் ஒரே வகை. டக் என்று ஒரு சத்தம், கூடவே குளிர். கழற்றிய ஏசி றிலேயின் மூடியை நெம்பிக் காட்டினார். ஈயப் பற்றைச் சுற்றி மயிரளவு வெடிப்பு. சூடானால் விலகும், ஆறினால் ஒட்டும். புதிய றிலே 1,500, கூலி 500. என் 86,500 ரூபாய்க்கு நல்ல கொம்பிரசரைக் கழற்றி எடுத்ததுதான் மிச்சம்.

என்னென்ன பார்க்கவேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. காஸ் பெற்றோல் அல்ல, ஓட ஓட முடிவதற்கு. அது மூடிய குழாய்க்குள் சுற்றுவது. குறைந்திருந்தால் கசிவு எங்கே என்று காட்டச் சொல்லுங்கள். எத்தனை கிராம் போடவேண்டும் என்று பெரும்பாலும் பொனற்றுக்குள் ஒட்டியிருக்கும், அதையும் வாசியுங்கள். கார் குளிராமல் நிற்கும் நேரத்தில் சோதிக்காதவனிடம் வேலை கொடுக்காதீர்கள். கழற்றிய சாமான் கைக்கு வராமல் காசு கொடுக்காதீர்கள். கடைப் பெயர் போட்ட பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் சொல்லலாம். நானும் சொல்லத்தான் போகிறேன், கையில் இருப்பது அந்த அட்டைத் துண்டுதான்.

இன்று காலையும் கராச்சுக்கு எடுத்தேன். "முதலாளி கோயிலுக்குப் போய்விட்டார்" என்றான் பையன். அவனுக்குப் பின்னால் முதலாளியின் குரல் நன்றாகவே கேட்டது. யாருக்கோ பிளேன் ரீ கொண்டுவரச் சொல்லிக்கொண்டிருந்தார்.