குழந்தை மருத்துவரா, குழந்தைநல நர்ஸ் பிராக்டிஷனரா?

அமெரிக்காவில் குழந்தையை வழக்கமாக யாரிடம் காட்டுவது என்று யோசிக்கும் பெற்றோருக்கு இந்த இரண்டு வழிகளும் உண்டு. மருத்துவர் நான்கு ஆண்டு மருத்துவக் கல்லூரிப் படிப்பும் மருத்துவமனையில் மூன்று ஆண்டு ரெசிடென்சி என்னும் சிறப்புப் பயிற்சியும் முடித்தவர். நர்ஸ் பிராக்டிஷனரோ பதிவுபெற்ற செவிலியராகி, அதன்மேல் முதுநிலைப் பட்டமோ முனைவர் பட்டமோ பெற்றவர். 1965இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் செவிலியர் லொரெட்டா ஃபோர்டும் குழந்தை மருத்துவர் ஹென்றி சில்வரும் தொடங்கிய இந்த நர்ஸ் பிராக்டிஷனர் பயிற்சி முதலில் குழந்தைகளுக்காகவே உருவானது.

தடுப்பூசி, வளர்ச்சிப் பரிசோதனை, காதுவலி, மருந்துச்சீட்டு எல்லாம் இருவரிடமும் நடக்கும். பிறவி இதயக் கோளாறு போன்ற சிக்கல் என்றால் தயங்காமல் மருத்துவரை நாடுங்கள்.

ஆனால் குடும்பத்தையும் சேர்த்துப் பார்க்கும் கவனிப்பு என்று வரும்போது என் மனம் நர்ஸ் பிராக்டிஷனர் பக்கமே சாய்கிறது. செவிலியர் பயிற்சியின் அடித்தளமே அதுதான். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு இன்ஹேலர் எழுதிக் கொடுப்பதோடு நில்லாமல், இன்ஹேலரோடு பொருத்தும் ஸ்பேசர் குழாயைத் தாயின் கையில் கொடுத்துச் செய்து காட்டச் சொல்வார்; இரவில் இருமினால் வீட்டில் யார் எழுந்து பார்ப்பார்கள் என்று கேட்பார். இப்படிக் கேட்கும் மருத்துவர்களும் இருக்கிறார்கள்; கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

சில மாநிலங்களில் நர்ஸ் பிராக்டிஷனர் ஒரு மருத்துவருடன் ஒப்பந்தம் செய்துகொண்டே பணியாற்ற முடியும். அந்த மருத்துவர் யார் என்பதை முதல் சந்திப்பிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.