காம்போசிஷனா, ரெகுலரா? ஓர் அட்டைப்பெட்டிப் பட்டறையின் கணக்கு

திருப்பூரில் சிறிய அளவில் அட்டைப்பெட்டிப் பட்டறை நடத்துகிறேன். பனியன் கம்பெனிகளுக்குத் துணி அடுக்கி அனுப்பும் ஐந்தடுக்குப் பெட்டிகள், முறுக்கு மிக்சர் வியாபாரிகளுக்கு மூன்றடுக்குப் பெட்டிகள், அவ்வளவுதான் தொழில். இப்போது மாதம் ஏறக்குறைய 8 லட்சம் ரூபாய்க்கு விற்பனை. 2019 ஏப்ரலில் ஜிஎஸ்டியின் காம்போசிஷன் திட்டத்தில் சேர்ந்தேன். மூன்று ஆண்டுகள் அதில் இருந்துவிட்டு 2022 ஏப்ரலில் ரெகுலருக்கு மாறினேன். புதிதாகப் பட்டறையோ கடையோ தொடங்கும் தம்பிகள் இரண்டில் எது நல்லது என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் சரக்கை வாங்குபவரிடம் ஜிஎஸ்டி எண் இருந்தால் ரெகுலரில் சேருங்கள். மற்றவர்களுக்குப் பதில் சரக்கைப் பொறுத்து மாறும். 2025 செப்டம்பருக்குப் பிறகு அது நிறையவே மாறிவிட்டது.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன். தமிழ்நாட்டில் பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால் பதிவு கட்டாயம். ஒன்றரைக் கோடி வரை காம்போசிஷனில் இருக்கலாம். உற்பத்தியாளரும் வியாபாரியும் விற்பனையில் 1 சதவீதம், உணவகம் 5 சதவீதம் கட்ட வேண்டும். அதை வாடிக்கையாளரிடம் தனியாக வசூலிக்கக் கூடாது, நம் கையிலிருந்து கட்ட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 18ஆம் தேதிக்குள் சிஎம்பி-08, ஆண்டுக்கு ஒருமுறை ஜிஎஸ்டிஆர்-4 தாக்கல் செய்தால் வேலை முடிந்தது. ரெகுலரில் சரக்குக்கு உரிய வரியை வசூலித்து, கொள்முதலில் நாம் கொடுத்த வரியைக் கழித்துக்கொண்டு மீதியைக் கட்டுகிறோம். இப்படிக் கழிக்கக் கிடைக்கும் வரியைத்தான் ‘இன்புட்’ என்கிறோம். அதற்கு ஜிஎஸ்டிஆர்-1, 3பி என்று தாக்கல்கள் தொடர்ந்து இருக்கும்.

நிம்மதி எதில் என்று கேட்டால் காம்போசிஷனில்தான். அந்த மூன்று ஆண்டுகளும் கணக்கு எழுத ஒரு நோட்டுப் புத்தகமே போதுமாக இருந்தது. அதை நான் மறுக்கவே மாட்டேன்.

ஆனால் 2021 தொடக்கத்தில் ஒரு சம்பவம் நடந்தது. ஏற்றுமதி செய்யும் பனியன் கம்பெனி ஒன்றிலிருந்து முதல்முறையாக ஆர்டர் கிடைத்தது. சின்ன யானை வண்டியில் பெட்டிகளை ஏற்றி, பில்லையும் கொடுத்து அனுப்பினேன். மாலையில் அந்தக் கம்பெனியின் கணக்குப் பிரிவில் இருந்து ஒரு பெண் அழைத்தார். “அண்ணா, நீங்கள் கொடுத்திருப்பது டாக்ஸ் இன்வாய்ஸ் இல்லையே. இதில் எங்களுக்கு இன்புட் வராது” என்றார். காம்போசிஷன்காரர் தருவது ‘பில் ஆஃப் சப்ளை’. வரி வசூலிக்கத் தகுதி இல்லாதவர் என்று அதன் தலையிலேயே அச்சடித்திருக்க வேண்டும். நான் முறைப்படிதான் அச்சடித்திருந்தேன். என் சரக்கின் தரம் பற்றி ஒரு குறையும் சொல்லாத அந்தக் கம்பெனி, அச்சடித்த அந்த ஒரு வாசகத்துக்காக அடுத்த ஆர்டரை வேறு பட்டறைக்குக் கொடுத்துவிட்டது.

அவர்கள்மேல் தப்பில்லை என்பது அன்று இரவு கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது. அப்போது பெட்டிக்கும் 12 சதவீதம், கிராஃப்ட் காகிதத்துக்கும் 12 சதவீதம். 100 ரூபாய் பெட்டியில் காகிதம் மட்டும் 60 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரெகுலரில் இருக்கும் பக்கத்துப் பட்டறைக்காரர் காகிதத்துக்கு 67 ரூபாய் 20 காசு கொடுப்பார், அதில் 7.20 அவருக்கு இன்புட்டாகத் திரும்பிவிடும். பெட்டியை 112 ரூபாய்க்குக் கொடுப்பார். வாங்கும் கம்பெனிக்கு அதில் 12 ரூபாய் திரும்பக் கிடைக்கும், ஆக அடக்கம் 100 ரூபாய். நானும் அதே 67.20 கொடுத்துத்தான் காகிதம் வாங்குகிறேன், ஆனால் எனக்கு ஒரு காசும் திரும்பாது. அவருக்கு நிற்கும் அதே 40 ரூபாய் எனக்கும் நிற்க வேண்டுமானால், 1 சதவீத வரியையும் சேர்த்து 108 ரூபாய் 28 காசுக்கு விற்க வேண்டும். வாங்குபவருக்கு அது முழுவதும் செலவு.

“நூறு ரூபாய்க்குக் கொடுத்தால் எடுத்துக்கொள்கிறோம்” என்றார்கள். கொடுத்தால் காகிதம் போக, வரி போக எனக்கு 31.80 நிற்கும். பசை, தையல் கம்பி, கூலி, மின்சாரம், வாடகை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். 40 ரூபாயில் ஐந்தில் ஒரு பங்கு கைவிட்டுப் போகிறது. ‘ஒரு சதவீதம்தானே’ என்று நான் நினைத்துக்கொண்டிருந்த திட்டத்தின் உண்மையான விலை 8 ரூபாய் 20 காசு. ஏற்றுமதியாளருக்கு இது இன்னும் உறுத்தும். ஏற்றுமதிக்கு வரி கிடையாது என்பதால், உள்ளே கட்டிய வரியை அவர் அரசிடமிருந்து பணமாகவே திரும்பப் பெறுகிறார். இன்வாய்ஸ் இல்லாத பெட்டி அவர் கணக்கில் துளை.

காம்போசிஷன் வேண்டாம் என்பதற்கு இந்த ஒரு கணக்குத்தான் எனக்குப் போதுமான காரணம். வெளிமாநிலத்துக்கு விற்க முடியாது என்பதும் உண்டு. பாலக்காட்டில் இருந்து ஒருவர் கேட்டு, வாளையாறு தாண்டி ஒரு கட்டுகூட அனுப்ப முடியாமல் நின்றேன். ஆனால் அப்படிப்பட்ட ஆர்டர் ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோதான் வரும். உள்ளூர்க் கம்பெனிகளோ வாரம்தோறும் வாங்குபவர்கள்.

ரெகுலருக்கு வந்தபின் பட்டதையும் சொல்ல வேண்டும். இன்புட் நம் உரிமை என்று பேச்சுக்குச் சொன்னாலும், அது நமக்கு விற்றவர் கையில்தான் இருக்கிறது. 2022 ஜனவரியில் இருந்து, விற்றவர் தன் ஜிஎஸ்டிஆர்-1இல் நம் பில்லை ஏற்றி, அது போர்ட்டலில் நம் கொள்முதல் பில்களைக் காட்டும் 2பி பட்டியலில் வந்தால் மட்டுமே எடுக்க முடியும். மாறிய முதல் ஆண்டிலேயே காகிதம் சப்ளை செய்த ஒருவர் மூன்று மாதம் தாக்கல் செய்யாமல் இருந்துவிட்டார். முழுப் பணமும் வாங்கிக்கொண்டார். வரியை நான் இன்னொரு முறை கையிலிருந்து கட்டினேன். இப்போது புதிதாக யாரிடம் காகித ரீல் வாங்கினாலும், அவருடைய ஜிஎஸ்டி எண்ணைப் போர்ட்டலில் போட்டுக் கடைசியாக எந்த மாதம் தாக்கல் செய்திருக்கிறார் என்று பார்க்காமல் பணம் அனுப்புவதில்லை. இரண்டு நிமிட வேலைதான்.

தாக்கல் சுமை நான் பயந்த அளவுக்கு இல்லை. 2021 ஜனவரியில் வந்த காலாண்டு முறையில் 5 கோடி வரை விற்பனை உள்ளவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்து, இடைப்பட்ட இரண்டு மாதங்களுக்கும் வரியை மட்டும் 25ஆம் தேதிக்குள் கட்டினால் போதும். ஆனால் அந்த இரண்டு மாதங்களிலும் கம்பெனிகளுக்குப் போட்ட பில்களை ஐஎஃப்எஃப் வசதியில் 13ஆம் தேதிக்குள் ஏற்றிவிடுங்கள். கட்டாயமில்லை என்று விட்டால், 14ஆம் தேதி 2பி வந்ததும் வாங்கியவரிடமிருந்து அழைப்பு வரும். ஆடிட்டர் அலுவலகத்துக்கு மாதாமாதம் கொடுப்பது கூடுதல் செலவுதான், ஆனால் பெட்டிக்கு 8 ரூபாய் 20 காசோடு ஒப்பிட அது பெரிதே இல்லை.

அரசு ஒரு விகிதத்தை மாற்றும்போது இந்தத் தராசு எப்படிச் சாய்கிறது என்பதை இனி வருபவர்கள் கவனித்தே ஆக வேண்டும். பெட்டிக்கு 2017இல் 12 சதவீதம். 2021 அக்டோபரில் 18 ஆனது. 2024 ஜூலை 15 முதல் மீண்டும் 12. 2025 செப்டம்பர் 22 முதல் 5. அதே நாளில் கிராஃப்ட் காகிதம் 12இல் இருந்து 18 ஆனது. பெட்டி 18, காகிதம் 12 என்று இருந்த காலத்தில், ஜிஎஸ்டி எண் இல்லாத முறுக்கு வியாபாரிக்கு என் பெட்டி 118 ரூபாய். காம்போசிஷன் பட்டறையில் அதே பெட்டி 108 ரூபாய்ச் சொச்சம். நான் மாறிய சில மாதங்களில் அப்படிப்பட்ட வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அந்தக் காலத்தில் சிறு வியாபாரிகளுக்கு மட்டுமே விற்ற பட்டறைக்குக் காம்போசிஷன்தான் சரி.

இன்று அதுவும் தலைகீழ். காகிதம் 60 ரூபாய்க்கு வரி 10.80. பெட்டி நான் கொடுத்தால் 105. காம்போசிஷன்காரர் அதே லாபத்துக்கு ஏறக்குறைய 112 ரூபாய் கேட்க வேண்டும். எண் இல்லாத முறுக்கு வியாபாரிக்கும் ரெகுலர் பெட்டிதான் மலிவு. போனவர்களில் இரண்டு பேர் திரும்பி வந்திருக்கிறார்கள்.

ஆனால் எனக்கும் இதில் புது நோவு சேர்ந்திருக்கிறது. 100 ரூபாய்ப் பெட்டிக்கு 5 ரூபாய் வசூலிக்கிறேன், 10.80 கொடுக்கிறேன். மீதி 5.80 இன்புட்டாகத் தேங்குகிறது. 8 லட்சம் விற்பனையில் மாதம் 46,400 ரூபாய். காலாண்டுக்கு ஒருமுறை ரீஃபண்ட் கேட்டால் அதற்குள் 1,39,200 ரூபாய் சேர்ந்திருக்கும். விண்ணப்பித்து 60 நாளுக்குள் தர வேண்டும் என்பது சட்டம். அதுவரை அந்தப் பணம் ரீலாகவும் இல்லை, பெட்டியாகவும் இல்லை. இயந்திரத்துக்கும் வாடகை போன்ற சேவைகளுக்கும் கட்டிய வரி இந்த ரீஃபண்டில் சேராது. சேவைகள் விஷயத்தில் சென்னை உயர் நீதிமன்றம் எடுத்த நிலையை 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்துவிட்டது. நான் இதுவரை ஒரே ஒருமுறைதான் விண்ணப்பித்திருக்கிறேன். குறைபாட்டுக் குறிப்பு ஒன்று வந்து, புதிதாக மறுபடி விண்ணப்பித்த பிறகே பணம் வந்தது. ஓர் அனுபவத்தை வைத்து எப்போதும் இப்படித்தான் என்று சொல்ல நான் துணியமாட்டேன். கைமுதல் குறைவாக இருப்பவர் மட்டும் இரண்டு காலாண்டுக்கான தேக்கத்தைத் தாங்க முடியுமா என்று பார்த்துக்கொண்டு இறங்குங்கள். காகிதத்துக்கும் பெட்டிக்கும் ஒரே விகிதம் வைத்திருந்தால் இந்தத் தேக்கமே இருந்திருக்காது. பெட்டியைக் குறைத்தவர்கள் காகிதத்தை ஏன் ஏற்றினார்கள் என்ற ஆதங்கம் எனக்கு இன்றும் தீரவில்லை.

கடை வைத்திருப்பவர்களுக்கு வேறு கணக்கு. என் மைத்துனர் காங்கேயத்தில் எவர்சில்வர் பாத்திரக்கடை வைத்திருக்கிறார், காம்போசிஷன். வருபவர்கள் எல்லோரும் வீட்டுக்கு வாங்குபவர்கள், யாருக்கும் இன்புட் தேவையில்லை. பாத்திரத்துக்கு 12 சதவீதம் இருந்தபோது, வரி சேர்க்காத விற்பனை விலையில் 9 சதவீதத்துக்குச் சற்று மேல் லாபம் நின்றாலே காம்போசிஷன் அவருக்கு ஆதாயம். 2025 செப்டம்பரில் பாத்திரமும் 5 சதவீதத்துக்கு வந்தது. இப்போது 21 சதவீதம் நின்றால்தான் ஆதாயம். 18 சதவீதச் சரக்கு விற்பவருக்கு இந்த எல்லை 7 சதவீதத்துக்கும் கீழே இருக்கிறது. வரி குறையக் குறையக் காம்போசிஷனின் பயனும் குறைகிறது என்பதை அவர் கடையில் உட்கார்ந்து இருவரும் கணக்குப் போட்டபோதுதான் தெரிந்துகொண்டோம். அவருக்கு நிற்பது 15 சதவீதம்தான். ஆனாலும் அவர் மாறவில்லை. தம்ளர், கரண்டி என்று நாளெல்லாம் சில்லறையாக விற்கும் கடையில் ரெகுலர் கணக்கு எழுத ஓர் ஆளைப் போட வேண்டும், அந்தச் சம்பளத்துக்கு இது தேவலாம் என்கிறார். அவர் சொல்வதும் நியாயமாகவே படுகிறது. உணவகம் நடத்துபவர்களுக்குச் சொல்லும் அனுபவம் எனக்கில்லை. அந்தத் தொழிலில் இருப்பவரைக் கேளுங்கள்.

மாறுவது என்று முடிவு செய்தவர்களுக்கு ஒன்றே ஒன்று. சிஎம்பி-04 போட்டு வெளியே வந்ததும், அன்று கையிலிருக்கும் சரக்குக்கான இன்புட்டை ஐடிசி-01 படிவத்தில் 30 நாளுக்குள் கேட்க வேண்டும். ஓராண்டுக்குள்ளான பில் இருக்கும் சரக்குக்குத்தான் கிடைக்கும். இயந்திரத்துக்கும் உண்டு, வாங்கிய நாளிலிருந்து காலாண்டுக்கு 5 சதவீதப் புள்ளி கழித்துக்கொண்டு. கேட்கும் தொகை 2 லட்சத்தைத் தாண்டினால் ஆடிட்டர் சான்று வேண்டும். நாங்கள் 2022 மார்ச் 31 இரவு ஷட்டரை இறக்கிவிட்டு, என் மனைவி பில் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு படிக்கப் படிக்க, நானும் இரண்டு பையன்களும் ஒவ்வொரு ரீலாக எடை போட்டோம். பாதி ஓடிய ரீல்களையும் விடவில்லை. தைத்து அடுக்கிய பெட்டிகளில் இருந்த காகிதத்தையும் கணக்கில் எடுத்தோம். பில் கிடைக்காத நான்கு ரீல்களைத் தனியாக நகர்த்திச் சுவரோரம் வைத்தோம், அவற்றுக்கான வரி எங்களுக்குத் திரும்பவில்லை.